மணிராங் கணவாய், 1866
ஒளிப்படம்: சாமுவேல் போர்ன் (1834–1912). கண்ணாடி நெகட்டிவிலிருந்து ஆல்புமென் தாளில் எடுத்த பிரதி.

கின்னோருக்கும் ஸ்பிதிக்கும் இடையிலுள்ள இமயக் கணவாயில், ஏறத்தாழ 18,600 அடி உயரத்தில் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு இதைவிட உயரத்தில் எவரும் படம் எடுக்கவில்லை.

அன்று ஃபிலிம் கிடையாது. இருட்டுக் கூடாரத்துக்குள் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் படம்பிடித்து, உடனே கழுவியும் முடிக்க வேண்டும். உறையவைக்கும் குளிரில், மூச்சு வாங்கும் உயரத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது. கேமரா, தகடுகள், ரசாயனப் புட்டிகள், கூடாரம் அனைத்தையும் மேலே கொண்டு சேர்த்தவர்கள் சுமைதூக்கிகள். இந்தப் படத்தில் அவர்களுக்கும் சம பங்கு உண்டு.

போர்ன் தொடங்கிய கூட்டு நிறுவனமான ‘போர்ன் அண்டு ஷெப்பர்டு’, கல்கத்தாவில் 2016 வரை இயங்கியது.