பாய்க்கு என்ன விலை சொல்வது?

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் இரண்டு விதமான பாய் கிடைக்கும். ஒன்று, வீட்டில் விரித்துப் படுக்கிற சாதாரணக் கோரைப் பாய். மற்றது, துணியை மடிப்பதுபோல் மடித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு மெல்லியது. விலையில் பெரிய வித்தியாசம். ஆனால் இரண்டுக்கும் மூலப்பொருள் அதே கோரைதான். அப்படியென்றால் விலை எங்கிருந்து வருகிறது? டீயைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கைவேலை என்றாலே நம்மில் பலர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: பொருள் என்ன விலை, அதைப்போல் இரண்டு மடங்கு வைத்தால் நியாயம். செய்பவர்களே பல நேரம் இப்படித்தான் விலை சொல்கிறார்கள். பத்தமடையில் இந்தக் கணக்கு செல்லாது. பீன்ஸைச் சாம்பாருக்கு நறுக்குவதையும் பொரியலுக்குப் பொடியாக நறுக்குவதையும் நினைத்துப் பாருங்கள். அதே கால் கிலோதான். அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் வேறு. மெல்லிய பாய்க்கு, காய்ந்த கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். மறுபடி காயவைத்து, இழை இழையாகக் கிழிக்க வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் தறி. நெய்யும்போதும் இழை மெலிய மெலிய, ஒரு முழம் நீள்வதற்கு அத்தனை தடவை கோரையைக் கொடுத்து அச்சை அடிக்க வேண்டும். கூலி என்றால் தறியில் உட்கார்ந்த நேரம் மட்டும் என்று எண்ணிவிடுகிறோம். கிழித்த நேரமும் கூலிதான்.

ஒரு பேச்சுக்கு, எல்லா வேலையும் சேர்த்து ஒரு மெல்லிய பாய்க்கு ஆறு நாள் என்று வைத்துக்கொள்வோம். அதே ஊரில் வேறு வேலைக்குப் போனால் பாய் நெய்கிற அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் கிடைக்கும் என்போம். கூலி 3,000. கோரை, நூல், சாயம் 300. தறித் தேய்மானம், வீணாகும் கோரை 200. ஆக 3,500.

இதைக் கடையில் வைத்து விற்றால், விற்ற விலையில் 30 சதவீதம் கடைக்காரருக்கு என்று பேச்சு. 3,500-க்கு 30 சதவீதம் கூட்டி 4,550 என்று சீட்டு ஒட்டினால் கணக்கு உதைக்கும். கடைக்காரர் 4,550-இல் 30 சதவீதம் எடுப்பார், மிஞ்சுவது 3,185. சரியான விலை 5,000; அதில் 30 சதவீதம் போனால்தான் 3,500 மிஞ்சும். கடைக்கு வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் உண்டு, அவர் பங்கைக் குறை சொல்ல முடியாது.

இப்போது நாம் நேரே நெய்த அம்மாவின் வீட்டுக்கே போய் 3,500 ரூபாய்ப் பாயை 3,000-க்குக் கேட்கிறோம். கோரை விற்றவர் தன் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நூலுக்கும் சாயத்துக்கும் அப்படியே. குறைப்பதற்கு அந்த அம்மாவிடம் மிச்சமிருப்பது கூலி மட்டும்தான். நாம் பேரம் பேசி மிச்சம் பிடித்த 500 ரூபாய், ஆறு நாளில் ஒரு முழு நாள். நம் கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால், இதையே குறைத்துக் கேட்காமல், கொஞ்சம் தடித்த இழையில், நாலு நாளில் முடிகிற பாய் இருக்கிறதா என்று கேட்கலாம். எடுத்துக் காட்டுவார்கள்.