ராமநகரத்தின் உடைபடாத பாறைகள்

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை மீது உட்கார்ந்து வேர்க்கடலை தின்னாத தமிழர் பெங்களூரில் இருக்க முடியாது. மாதச் சம்பளக்காரர்களும் தினக்கூலிக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளை குட்டிகளோடு வந்து சேரும் இடம் அது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு என்று மத்திய அரசின் நிலவியல் துறை கணக்கிட்டு, அதைத் தேசிய நிலவியல் சின்னமாகவும் அறிவித்திருக்கிறது. அறிவிப்பைப் படிப்பவர்கள் குறைவு. பாறையில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள்தான் அதிகம்.

அதைவிடப் பல மடங்கு பெரிய பாறைகள் மலை மலையாக நிற்கும் ஊர் ஒன்று மைசூர் ரெயில் பாதையில், பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதுதான் ராமநகரம். "பட்டுக்கூடு மார்க்கெட் உள்ள ஊர்தானே?" என்று சிலர் கேட்பார்கள். "ஷோலே படம் எடுத்த இடம்" என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மை. ஆனால் இத்தனை ஆண்டு பெங்களூரில் இருந்தும் அங்கே இறங்கிப் பார்த்த நம்மவர்கள் எத்தனை பேர்? மைசூர் அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் போகிற வழியில் ஜன்னலோரம் பார்த்ததோடு சரி.

மெமு ரெயிலில் ஏறினால் கெங்கேரி, ஹெஜ்ஜாலா, பிடதி, கேத்தோஹள்ளி கடந்து ராமநகரம் வந்துவிடும். டிக்கெட் விலை ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகும் காசுக்குள் அடங்கும். ஊர் நெருங்கும்போதே வெளியே பார்த்தால் யானை படுத்திருப்பது போல, கவிழ்த்த சட்டி போல, குழந்தைகள் அடுக்கி வைத்த கூழாங்கல் போலப் பாறைகள் தெரியும்.

திப்பு சுல்தான் காலத்தில் இவ்வூருக்கு ஷம்ஷேராபாத் என்று பெயர். பிறகு, மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த பேரி குளோஸ் என்பவர் பெயரால் குளோஸ்பேட்டை ஆனது. சுதந்திரத்துக்குப் பின் ராமநகரம். 2007இல் தனி மாவட்டத்தின் தலைநகராக உயர்ந்தது. 2025இல் மாவட்டத்தின் பெயரைப் பெங்களூர் தெற்கு என்று மாற்றினார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் ஊரை விட்டுப் போனாலும் கல்லை விட்டுப் போகவில்லை. நிலவியல் அறிஞர்கள் இந்தப் பாறையை இன்றும் குளோஸ்பேட்டை கிரானைட் என்றே எழுதுகிறார்கள்.

கல் பிறந்த விதம்

இந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்தது, மேலே வராமல் உள்ளேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மெதுவாக ஆறியதால்தான் இதன் மணிகள் பெரியவை. உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிவது ஒரு தாது, கண்ணாடி போல் மினுக்குவது இன்னொன்று, கறுப்புப் பொட்டுகள் வேறொன்று. வடக்கு தெற்காக 400 கிலோ மீட்டருக்கும் அதிகமான நீளத்தில், ஒரு பட்டை போல இந்தக் கல் கர்நாடகத்துக்குள் ஓடுகிறது.

மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போயின. பாரம் குறைந்ததும் அடியில் இருந்த பாறை சற்றே விரிந்து, வெங்காயம் உரிவது போல அடுக்கடுக்காக உரிந்தது. மலைகள் இப்படி வழுவழுப்பாக, உருண்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மலை உச்சிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைக் கற்களையும் யாரும் தூக்கி வைக்கவில்லை. பாறையில் விழுந்த வெடிப்புகளில் நீர் இறங்கி மூலைகளை அரித்துவிட்டது. மிச்சம் நிற்பதுதான் நாம் பார்ப்பது.

ஷோலே படப்பிடிப்பு 1973இல் தொடங்கியது. படம் 1975 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. படத்தில் வரும் ராம்கட் கிராமம் முழுக்க இங்கே போட்ட செட். இன்று அதில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. கப்பர் சிங் நின்று கர்ஜித்த பாறை மட்டும் அப்படியே இருக்கிறது. (படத்தின் ரெயில் சண்டை இங்கே எடுத்ததல்ல. அது பம்பாய் அருகே பன்வெல் பக்கம் எடுத்தது. ரெயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) டேவிட் லீன் 1984இல் வெளியிட்ட 'எ பேசேஜ் டு இந்தியா' படத்தில் வரும் குகைக் காட்சிகளுக்கும் இந்த வட்டாரத்துப் பாறைகள்தான் உதவின.

உளி பிடித்தவர் பார்வையில்

சென்ற முறை போனபோது என்னுடன் வந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர். அறுபது வயதைத் தாண்டியவர். பெங்களூரைச் சுற்றியிருந்த கல் குவாரிகளில் முப்பது ஆண்டு உளியும் சம்மட்டியும் பிடித்தவர். இப்போது மகனோடு கெங்கேரி பக்கம் இருக்கிறார். நாமெல்லாம் மலையை நிமிர்ந்து பார்ப்போம். அவர் குனிந்து, உள்ளங்கையால் பாறையைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, கல்லுக்கு ஓட்டம் உண்டு. ஓட்டம் பாத்து அடிச்சா பத்து அடி நீளத்துக்கு நூல் புடிச்ச மாதிரி பொளக்கும். ஓட்டம் தெரியாம அடிச்சா உளிதான் ஒடியும்" என்றார்.

வெடி மருந்து இல்லாமலே கல் எடுக்கும் பழைய முறை ஒன்றையும் சொன்னார். பாறை மேல் விறகை வரிசையாகப் பரப்பித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல் அடுக்கு உப்பி, அடியிலிருந்து விட்டுக் கொடுக்கும். தீயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனால், ஒரு சாண் கனத்தில் பலகை பலகையாகக் கல் பெயர்ந்து வரும். அதை உளியால் பிளந்து தூணாக நிறுத்துவார்கள். கோலார், பெங்களூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வேலிக்கு மரக்கால் நடாமல் கல் நட்டிருப்பதை ரெயிலில் வரும் தங்கவயல்காரர்கள் தினமும் பார்த்திருப்பார்கள். அது வந்த வழி இதுதான். மலை தானாக உரிவதைத்தான் மனிதன் தீ வைத்து அவசரப்படுத்துகிறான்.

தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லி 65 மில்லி மீட்டருக்கு மேலும் போகக் கூடாது, 20 மில்லி மீட்டருக்குக் கீழும் கூடாது என்பது எங்கள் இலாகா விதி. பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அளவுக் கம்பி வச்சா ஒடச்சோம்? கையே சொல்லும். பொம்பளைங்க உக்காந்து ஒடப்பாங்க. புள்ளைங்க பக்கத்துல ஜல்லி மேலயே தூங்கும்" என்றார்.

முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு குவாரிக்கு வந்து, கடன் தீராமலே ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மவர்களில் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் அந்த வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. கல் தூசி நெஞ்சில் தங்கி வரும் நோய்க்கு இன்றுவரை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பெரியவரும் படி ஏறும்போது இருபது படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்க இருந்தே பாக்குறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது, எதிரே நின்ற மலையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். இதை உடைத்தால் எத்தனை ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வேலை என்பது அவர் கணக்கு. "குவாரிய மூடுன அன்னிக்கு நானும் அழுதேன் தம்பி. ஒரு மாசம் கடன்லதான் சோறு. ஆனா இத ஒடைக்காம விட்டதும் நல்லதுதான்" என்றார். இரண்டையும் சேர்த்தே சொன்னார். மலைகளைக் காக்க வேண்டும் என்று நகரத்தில் பேசுகிறவர்கள் முதல் பாதியையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கழுகுகளின் வீடு

நாங்கள் ஏறியது ராமதேவர பெட்டா. ஸ்டேஷனிலிருந்து மூன்று, நான்கு கிலோ மீட்டர். ஆட்டோ கிடைக்கும். உச்சிக்கருகே ராமர் கோயில், பக்கத்தில் பாறைச் சுனை. கோயில் வரை படிக்கட்டு உண்டு.

இந்த மலையும் சுற்றியுள்ள காடுமாக 346 ஹெக்டேர் நிலத்தைக் கர்நாடக அரசு 2012இல் கழுகு சரணாலயமாக அறிவித்தது. பிணந்தின்னிக் கழுகுகளுக்கென்று நாட்டிலேயே முதலில் அமைந்த சரணாலயம் இதுதான். தமிழில் பாறு என்பது இப்பறவையின் பழைய பெயர். செங்குத்துப் பாறையின் விளிம்பில், மனிதன் கை எட்டாத இடத்தில் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதுவும் கெட்டால் அந்த ஆண்டு போயிற்று.

ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பாறுகள் 1990களில் திடீரென்று மாயமாகின. மாடுகளுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் எமனாக வந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, அதுவும் சாகும். இந்தக் காரணம் 2004இல்தான் உலகுக்குத் தெரிந்தது. 2006இல் மாட்டு வைத்தியத்தில் அம்மருந்துக்குத் தடை வந்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் பிரசாதம் உண்ண வந்த கழுகுகளும் 1990களின் பிற்பகுதியிலிருந்து வருவதில்லை என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். அது பாறுகளில் வேறு இனம். அதையும் ராமநகரத்தில் காண முடியும். ஆனால் இங்குள்ள பாறுகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தும் கழுகு தெரியாமல் திரும்புகிறவர்களே அதிகம்.

பாறையை நேசிப்பவர்களுக்கும் கழுகுக்கும் இங்கேதான் தகராறு. கயிறு கட்டிப் பாறை ஏறும் இளைஞர்களுக்கு ராமநகரம் பல காலமாகப் பேர் பெற்ற இடம். அவர்கள் விரும்பும் செங்குத்துச் சுவரைத்தான் கழுகும் விரும்புகிறது. அதனால் சரணாலயத்துக்குள் படிக்கட்டை விட்டு விலகி ஏறக்கூடாது, இரவு தங்கக்கூடாது. கறாரான விதிதான். ஏறுகிறவனுக்கு வேறு மலை உண்டு, கழுகுக்கு வேறு எது?

ஏற ஆசைப்படுபவர்களுக்கு

வேறு மலைகளுக்குக் குறைவில்லை. ராமநகரத்துக்கு அருகே ஹந்திகுந்தி மலைகள் இருக்கின்றன. இவற்றில் முறையாகக் கற்றவர்களுடன்தான் போக வேண்டும். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா சாகசப் பயிற்சிக் கழகம் பாறை ஏறுவதற்குப் பயிற்சி தருகிறது. தனியார் முகாம்களும் நிறைய. கூடாரம், கயிறு, சாப்பாடு எல்லாம் அவர்களே தருவார்கள். ஆனால் ஒரு ராத்திரிக்கு அவர்கள் கேட்பது நம்மில் பலருடைய ஒரு வாரச் சம்பளம்.

காசில்லாமல் மலை நடக்க விரும்புபவர்கள் சாவனதுர்காவைப் பார்க்கலாம். ரெயில் கிடையாது. மாகடிக்கு பஸ் பிடித்து அங்கிருந்து போக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 1,226 மீட்டர் உயரம். ஆசியாவின் மிகப் பெரிய ஒற்றைப் பாறை மலைகளில் ஒன்று என்பார்கள். கரிகுட்டா, பிலிகுட்டா என்று இரண்டு கொண்டைகள், அதாவது கறுப்பு மலை, வெள்ளை மலை. அடிவாரத்தில் வீரபத்திரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும் உண்டு. எட்ட முடியாத கோட்டை என்று பெயர் பெற்றிருந்த இதை 1791 டிசம்பரில் காரன்வாலிஸ் படை பிடித்தது. இன்று பாறை நெடுகச் சிதைந்த மதில்கள். உச்சியில் சிறு நந்தி மண்டபம்.

இங்கு படிக்கட்டு கிடையாது. சாய்ந்த வெறும் பாறையில் நடக்க வேண்டும். காய்ந்த கிரானைட் ரப்பர் செருப்பை நன்றாகப் பிடிக்கும். மழை நனைத்தால் அதே பாறை எண்ணெய் தடவியது போலாகிவிடும். கறுப்புக் கோடுகளாகத் தண்ணீர் ஓடிய தடம் தெரியும் இடங்களில் கால் வைக்கவே கூடாது. ஏறுவதைவிட இறங்குவது கடினம். வழி தவறி நேர் கீழே இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் விபத்து. மேலே குடிநீர் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கூடு தொங்கும். சென்ட் பூசிக்கொண்டோ, பீடி சிகரெட் புகைத்துக்கொண்டோ அருகே போகாதீர்கள். கரடியும் சிறுத்தையும் உள்ள காடு என்பதால் அந்தி சாய்வதற்குள் கீழே வந்துவிட வேண்டும். இரவு தங்க விரும்பினால் வனத்துறை அனுமதி உள்ள இடத்தில் மட்டும். மலையேற்றத்துக்கும் முன் அனுமதி வேண்டியிருக்கலாம். வனத்துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். கழுகு முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் நவம்பர் முதல் மார்ச் வரைதான். எனவே ராமதேவர பெட்டாவுக்கு அந்த மாதங்களில் போகிறவர்கள் டிரான்சிஸ்டர், செல்போன் பாட்டு எல்லாவற்றையும் அடிவாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். புளிச்சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு காலை முதல் மெமுவில் போனால், வெயில் ஏறுவதற்குள் கோயிலை அடைந்துவிடலாம். பாறை சூடேறிக் காற்று மேலெழும் அந்த ஒன்பது, பத்து மணிக்குத்தான் கழுகு சிறகை விரித்துக் கிளம்பும்.