கஞ்சா கடைக்கு லைசென்சு!

நாகர்கோவிலில் கஞ்சா கடை திறக்க லைசென்சு கிடைக்குமா?

கிடைக்காது! எத்தனை லட்சம் கட்டினாலும் கிடைக்காது.

ஆனால் ஒரு காலத்தில் கிடைத்தது. சர்க்காரே கொடுத்தது!

அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. கள், சாராயம், உப்பு, அபின் போல கஞ்சாவும் சர்க்காருக்கு வருமானம் தரும் சரக்காக இருந்தது. கடைக்காரர் லைசென்சு வாங்கினார். சர்க்கார் பணம் வாங்கியது. ஆரல்வாய்மொழியைத் தாண்டி வெள்ளைக்காரரின் சென்னை மாகாணத்துக்குள் போனாலும் இதே கதைதான்.

பைத்தியம் பிடிக்குமா?

"கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கிறது. இந்தியாவில் அதை ஏன் விற்க விடுகிறீர்கள்?" என்று 1893-ம் ஆண்டு லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது.

உடனே ஒரு கமிஷன் போட்டார்கள். மாக்வொர்த் யங் என்பவர் தலைவர். கமிஷன் நாடு முழுவதும் சுற்றியது. 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கியது.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் கணக்குப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தது. அங்கேதான் வேடிக்கை!

ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, "பைத்தியத்துக்குக் காரணம் என்ன?" என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். காரணம் தெரியாவிட்டால் என்ன செய்வது? போலீசார் "கஞ்சா" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அதையே காப்பி எடுத்தார்கள்.

1892-ம் ஆண்டில் 222 பேருக்குக் கஞ்சாவால் பைத்தியம் பிடித்தது என்று கணக்கில் இருந்தது. கமிஷன் ஒவ்வொன்றாகத் துருவியது. 98 பேர்தான் தேறினார்கள்!

"அடியோடு தடுக்க வேண்டாம். வரியைக் கூட்டு, கடையைக் குறை, லைசென்சை இறுக்கு" என்று கமிஷன் சொல்லிவிட்டது.

அதனால் கஞ்சா நல்லது என்று ஆகிவிடாது. பதினாறு, பதினேழு வயதில் தொடங்கி நாள்தோறும் புகைப்பவருக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று இன்றைய டாக்டர்கள் சொல்லுகிறார்கள். அந்த 98 பேரையும் மறந்துவிடக் கூடாது அல்லவா?

இலைக்கும் தடை!

இப்போதைய சட்டம் 1985-ம் ஆண்டு வந்தது. போதைப் பொருள் தடுப்புச் சட்டம் என்று அதைச் சொல்லுகிறார்கள்.

இந்தச் சட்டப்படி, பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. தனியாக உள்ள இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் இலையை அரைத்துச் செய்யும் "பாங்கு" விற்க இன்றும் லைசென்சு பெற்ற கடைகள் இருக்கின்றன.

"அப்படியானால் இங்கே இலைக் கடை போடலாமே!" என்று யாராவது கணக்குப் போடலாம். முடியாது! தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது வந்தது. இந்தச் சட்டத்தில் இலையும் போதைப் பொருள்தான்!

கொல்லையில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். பத்து ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் குறைந்தது பத்து ஆண்டு. 20 ஆண்டு வரை போகலாம்!

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தெரிந்தே வீட்டையோ வண்டியையோ இந்த வேலைக்குக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் தண்டனை. ரப்பர் தோட்டத்தையோ வாழைத் தோட்டத்தையோ குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். அங்கே இந்தச் செடி நிற்பது தெரிந்தால் உடனே அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதும் குற்றமே!

17 ஆயிரம் பேர் போட்டி

கனடா நாட்டில் 2018-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி முதல் கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கிறது. தமிழர்கள் ஏராளமாக வாழும் டொராண்டோ நகரம் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே முதலில் 25 கடைகளுக்குத்தான் லைசென்சு என்றார்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 17 ஆயிரம் பேர்!

என்ன செய்வது? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்!

2019-ம் ஆண்டு ஜனவரியில் குலுக்கல் நடந்தது. பெயர் விழுந்தவர் ஐந்தே வேலை நாட்களில் 6 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். 50 ஆயிரம் டாலருக்குப் பாங்கி உத்தரவாதமும் காட்ட வேண்டும். ஏப்ரல் 1-ந்தேதி கடை திறக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்று பாதிக் கடைகள்கூடத் திறக்கவில்லை!

இதைக் கேள்விப்பட்டுத்தான் நம் ஊர் வாலிபர்கள் சிலர், "நாமும் மனுப் போட்டால் என்ன?" என்று பேசிக்கொள்கிறார்கள். மனுவை வாங்க இங்கே ஆபீசே இல்லை, தம்பி!

வைத்தியருக்கு வழி உண்டு

சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்று பெயர். மருந்துவாழ் மலை இருக்கும் மாவட்டத்தில் மூலிகைக்கும் வைத்தியருக்கும் பஞ்சம் இல்லை. அவர்கள் என்ன செய்வார்கள்?

மருந்துச் சட்டத்தில், நச்சுத்தன்மை உள்ள சித்த மருந்துச் சரக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. எட்டி, ஊமத்தை ஆகியவற்றுடன் கஞ்சாவும் அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட சரக்கு சேர்ந்த மருந்தை விற்பதற்காகத் தயாரிக்க வேண்டுமானால் "24-டி" என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் லைசென்சின் பெயர் "25-டி". மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சடிக்க வேண்டும்.

இது மருந்து செய்வதற்கான லைசென்சுதான். தோட்டத்தில் செடி வைக்க அனுமதி அல்ல!

நாரும் விதையும்

போதை மிகமிகக் குறைந்த ஒரு வகைச் செடி உண்டு. அதன் தண்டில் நல்ல நார் கிடைக்கும். நாருக்காகவும் விதைக்காகவும் அதைப் பயிரிட உத்தரகாண்டு ராஜ்யம் 2018-ம் ஆண்டு அனுமதி கொடுத்தது. நாட்டிலேயே முதல் ராஜ்யம் அதுதான். போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. தென்னை நாரில் கயிறு திரித்துப் பழகிய குமரி மாவட்டத்துக்கு இந்த அனுமதி வரவில்லை.

விதைக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கஞ்சாச் செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்கலாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ம் ஆண்டு நவம்பரில் விதி வகுத்தது. ஒரு கிலோ விதையில் போதைச் சத்து 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெயில் 10 மில்லிகிராம். பொட்டலத்தின் மேல் போதையைக் குறிக்கும் சொல்லோ படமோ போடக் கூடாது. மளிகைக் கடைக்கு வாங்கும் அதே உணவு லைசென்சுதான் இதற்கும்!

அந்த விதையைத் தின்றால் போதை ஏறுமா? ஏறாது. எள்ளைப் போல மென்று தின்ன வேண்டியதுதான்!