மின்கலத்தினுள் ஒரு மதகு
மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் மின்கலத்தில் தண்ணீருக்கு இடமில்லை, 1.23 வோல்ட்டைக் கடந்தால் தண்ணீர் பிரியத் தொடங்கும், இக்கலமோ 4 வோல்ட் வரை எட்டுவது. ஆகவே கரிமக் கரைப்பான்களில் லித்தியம் உப்பைக் கரைத்து நிரப்புகிறார்கள்.

அவற்றுள் எத்திலீன் கார்பனேட்டின் சுபாவமே விசேஷமானது: சுமார் 36 பாகை செல்சியஸில் உருகும் திடப்பொருளாதலால் வில்லியனூரின் சித்திரை வெயிலில் தானே இளகிவிடக்கூடிய அது, முதல் மின்னேற்றத்தின்போது தன்னில் ஒரு பகுதியைச் சிதையக் கொடுத்து, கிராஃபைட்டின்மேல் மெல்லிய படலமொன்றை உண்டாக்கி, பாகூர் ஏரியின் மதகு நீரை அளந்து விடுவதுபோல லித்தியம் அயனிகளுக்கு மட்டும் வழிவிட்டு, மேலும் சிதைவு நேராவண்ணம் காக்கிறது. வியக்கத்தக்க தற்காப்பு இது!

அழகப்பச் செட்டியார் தானமாக ஈந்த நிலத்தில், காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் லித்தியம் மின்கல ஆராய்ச்சி நடைபெறுகிறது. ஈரம் பட்டால் மின்கலத்தின் லித்தியம் உப்பு சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சு உண்டாகுமாகையால், இக்கலங்களை உலர்ந்த அறைகளிலேயே அடைக்கிறார்கள்.