ஒரு வலயம், இரண்டு கரை

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பாடசாலை மதில்களில் பேனர் ஏறிவிடும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படம், கீழே அதிபர், ஆசிரியர் வாழ்த்து. மண்டூரில் "பிள்ளையை எங்க சேர்க்கிற?" என்ற பேச்சு பெரும்பாலும் அதை வைத்துத்தான் நடக்கிறது. பரீட்சைக்குத் தோற்றியவர்கள் எத்தனை பேர், தரம் 6இல் சேர்ந்து இடையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பது பேனரில் இராது.

பட்டிருப்பு கல்வி வலயம் மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும் பரந்து கிடக்கிறது. களுவாஞ்சிகுடி கிழக்குப் பக்கமான எழுவான்கரை; போரதீவுப்பற்றைச் சேர்ந்த மண்டூர் மேற்குப் பக்கமான படுவான்கரை. மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறைக்குப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் கடக்கலாம், இல்லாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக வேண்டும்.

இந்த வலயப் பாடசாலைகளை ஒரே பட்டியலில் நிறுத்தி முதலிடம், கடைசியிடம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1ஏபி வகைப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் உண்டு. 1சியில் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 தரம் 11உடன் முடிந்துவிடும். களுவாஞ்சிகுடியின் பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம் மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலை. கிராமப் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணத்துக்குரியவை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை ஊர்ப் பள்ளியை விட்டுப் பெரிய பாடசாலைக்குப் போகிறது. ஆறு வருடம் கழித்து அதன் ஒன்பது ஏ போன இடத்தின் கணக்கில் விழும். எழுத்தறிவித்த ஊர்ப் பள்ளிக்குப் பெயர் இல்லை.

என்னைக் கேட்டால், பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது வகுப்பறைச் சுவரிலுள்ள நேரசூசியை. கணிதத்துக்கு நேரே ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கிறதா? போன வருடமும் அதே பெயர்தானா? படுவான்கரையில் படிப்பிப்பவர்கள் பலர் எழுவான்கரையிலிருந்து வந்துபோகிறவர்கள். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இரண்டாம் தவணையில் போனவருக்குப் பதிலாள் வரும்வரை அந்தப் பாடம் நின்றுவிடுகிறது. பிறகு டியூசன்தான். அதற்கும் பல பிள்ளைகள் அக்கரைக்கே போக வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதி இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் என்பார்கள். கலைத்துறை போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. கொழும்போடு ஒப்பிட்டால் இது நியாயமான ஏற்பாடுதான். மாவட்டத்துக்குள் வந்தால் கதை வேறு. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியில், மட்டக்களப்பு நகரத்தில் இருந்து படிக்கிற பிள்ளைக்கும், உயிரியல் படிக்கவே வாவியைக் கடக்கிற மண்டூர்ப் பிள்ளைக்கும் மருத்துவத்துக்கு மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்றுதான்.