‘நார்மல்’ என்று வந்த ரத்த அறிக்கை

குழந்தை கால் வலிக்கிறது என்று இரவில் அழுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முனையருகே அரித்ததுபோல் ஒரு திட்டு. அது கிருமித்தொற்றாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல், உடலின் தற்காப்பு அமைப்பே எலும்பைப் புண்ணாக்கும் சி.ஆர்.எம்.ஓ. என்ற நாள்பட்ட எலும்பழற்சியாகவும் இருக்கலாம். 1972இல் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோயை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் இதற்கு வந்துசேர்கிறார்கள். அதற்குள் எம்.ஆர்.ஐ., எலும்பிலிருந்து திசு எடுக்கும் பயாப்சி, பலன் தராத ஆன்டிபயாடிக் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. சின்ன லேபிலும் செய்யக்கூடிய ரத்த அணுக் கணக்கு இங்கே நிறையவே உதவும் என்பது என் கருத்து. அறிக்கைத் தாளில் அச்சான ‘நார்மல்’ எல்லையோடு நிறுத்திக்கொள்ளாமல், வலியில் துடிக்கும் குழந்தையோடு பொருத்திப் படித்தால்.

தட்டணுக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு. அழற்சி வாரக்கணக்கில் நீடித்தால் இவை பெரும்பாலும் ஏறும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான் இருக்கிறது என்றால், தாள் அதை நார்மல் என்றே சொல்லும். மருத்துவர் அந்த வரியில் நின்று யோசிக்க வேண்டும். ஏறவேண்டியது ஏன் ஏறவில்லை? எலும்பு மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கலாம். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று மூட்டு, எலும்பு வலியோடு வந்த 277 குழந்தைகளை ஒப்பிட்டது. 71 பேருக்கு ரத்தப் புற்று, மற்றவர்களுக்கு மூட்டழற்சி. நாலாயிரத்துக்குக் குறைந்த வெள்ளணுக்கள், ஒன்றரை முதல் இரண்டரை லட்சத் தட்டணுக்கள், இரவு வலி மூன்றும் சேர்ந்திருந்தால் அது புற்றைச் சுட்டியது. அந்த 71 பேரில் பெரும்பாலோரின் ரத்தத்தில் புற்றணு கண்ணில் படவே இல்லை.

சி.ஆர்.எம்.ஓ. குழந்தைகள் பலருக்கு வெள்ளணுக் கணக்கு இயல்பாகத்தானே இருக்கிறது, எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த நோயில் கெட்டிருப்பது மோனோசைட்டு என்ற வெள்ளணுக்களின் நடத்தை: அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தை அவை போதிய அளவு சுரப்பதில்லை. எண்ணும் கருவிக்கு அது தெரியாது. ஆனாலும் பல இடங்களில் எலும்பு புண்பட்டு, காய்ச்சலின்றி, நியூட்ரோபில் என்ற வெள்ளணுவும் ஏறாதிருந்தால் சீழ்த்தொற்று என்ற சந்தேகம் குறைகிறது. குறைகிறதே தவிர நீங்குவதில்லை. எலும்புத் தொற்றிலும் வெள்ளணுக்கள் ஏறாத குழந்தைகள் உண்டு. வயதும் குறுக்கே வரும். நாலைந்து வயதுவரை வெள்ளணுக்களில் லிம்போசைட்டு வகையே மிகுந்திருக்கும் என்பதால், பெரியவர்களுக்கு வகுத்த விகிதத்தைக் குழந்தைக்குப் பொருத்த முடியாது. ஆகவே கணக்கு நோயின் பெயரைச் சொல்லாது. மஜ்ஜைப் பரிசோதனை யாருக்கு அவசரம், யாருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. முதலில் என்று வரிசைப்படுத்தித் தரும். அந்த வரிசையையும் ஸ்டீராய்டு குலைத்துவிடும்: காரணம் தெரியுமுன் கொடுத்தால் நியூட்ரோபில் ஏறும், ரத்தப் புற்றும் சில காலம் பதுங்கிக்கொள்ளும். முதல் மாத்திரைக்கு முன்பு எடுத்த அறிக்கையைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருந்து, அடுத்து பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டவேண்டியது இதனால்தான்.