சத்தியம் பண்றீங்களா... ஒரு நிமிஷம்!

‘நார்த் மெட்ராஸ்ல என்னப்பா இருக்கு... கன்டெய்னர் லாரியும் புகையும்தானே?’ என்று கேட்கிற கட்சியா நீங்கள்? மெட்ரோ பிடித்து திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள். பக்கத்திலேயே தியாகராஜ சுவாமி கோயில். உள்ளே போனதும் மகிழ மரத்தைத் தேடுங்கள். அதற்கு ஒரு லவ் ஸ்டோரி உண்டு.

திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர், இங்கே பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து ஃப்ளாட்! ‘பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். நம்மாள் உஷார். ‘நான் சந்நிதியில சத்தியம் பண்றப்போ, நீங்க மகிழ மரத்துக்குப் போயிடுங்க’ என்று சிவனிடமே டீல் பேசினார். சிவனோ சங்கிலியார் கனவில் போய், ‘மரத்தடியில் சத்தியம் கேள்’ என்று போட்டுக் கொடுத்துவிட்டார்!

வேறு வழி? செய்தார். கொஞ்ச நாளில் திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வர, கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போச்சு. ஒன்று காஞ்சியிலும், இன்னொன்று திருவாரூரிலும்தான் திரும்பக் கிடைத்தது என்கிறது பெரியபுராணம். ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர் வாங்கியவருக்கே சலுகை இல்லை. சாமி நின்றது அந்தப் பெண் பக்கம்!

மாசி பிரம்மோற்சவத்தில் இன்றும் ‘மகிழடி சேவை’ நடக்கிறது. அப்படியே கருவறையின் பின்பக்கமும் பாருங்கள். யானை முதுகு போல வளைந்த விமானம். ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கல்லில் எழுப்பிய தச்சர் பெயர் ரவி என்று கல்வெட்டே சொல்கிறது. இங்கிருந்த மண்டபத்தில் இலக்கண வகுப்பும் நடந்திருக்கிறது. அந்தக் கால கேம்பஸ்!

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மரத்தடியில் சும்மாகூட சத்தியம் பண்ணிடாதீங்க!